மிடி சீக்வென்சர்களின் காலத் துல்லியம்: அட்டாரி, விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவற்றை எப்படி ஒப்பிடுவது?

மெட்டமைப்பவன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் வீட்டு ஸ்டூடியோவில் பழைய ட்ரம் மெஷின் ஒன்றையும் இரண்டு ஹார்டுவேர் சின்தசைசர்களையும், விண்டோஸ் கணினியில் ஓடும் சீக்வென்சர் (ஸ்வரங்களை நேரப்படி வரிசைப்படுத்தி அனுப்பும்) மென்பொருளிலிருந்து, இசைக்கருவிகளுக்குக் கட்டளைகளைக் கொண்டுசெல்லும் மிடி வழியாக இயக்கி வருகிறேன். ட்ரம் மெஷினுக்குள்ளேயே இருக்கும் சீக்வென்சரில் ஒரு பேட்டர்னை ஓடவிட்டால் அது அசையாமல் நிற்கிறது. அதே பேட்டர்னை அதே டெம்போவில் கணினியிலிருந்து அனுப்பினால், ஹை-ஹாட் அடிகள் சில இடங்களில் முந்துகின்றன, சில இடங்களில் பிந்துகின்றன. டெம்போ 120 என்றால் ஒரு பீட்டுக்கு 500 மில்லி விநாடி. அதை நான்காகப் பிரித்தால் அடிக்கும் அடிக்கும் இடையே 125 மில்லி விநாடி இருக்க வேண்டும். அந்த இடைவெளி ஒரே சீராக இல்லை என்று காது சொல்கிறது, எவ்வளவு மாறுகிறது என்பதை மட்டும் காதால் சொல்ல இயலவில்லை.

இத்துறையில் மூத்தவர்கள் சிலரைக் கேட்டுப் பார்த்தேன். 1980-களின் இறுதியில் அட்டாரி எஸ்டி கணினியில் வேலை செய்தவர்கள், அந்த இறுக்கம் பின்னர் வந்த எந்தக் கணினியிலும் கிடைக்கவில்லை என்று உறுதியாகச் சொல்கிறார்கள். மேக் வைத்திருப்பவர்கள் மேக்கையும், லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் நிகழ்நேரக் கர்னலையும் (அவசர வேலைகளை உரிய நேரத்தில் செய்ய முன்னுரிமை தரும் இயங்குதளக் கருவையும்) பரிந்துரைக்கிறார்கள். கணினியை மாற்றுவது செலவு பிடிக்கும் வேலை என்பதால், செவிவழிச் செய்திகளை மட்டும் நம்பி முடிவெடுக்க எனக்கு விருப்பமில்லை.

இந்த வேறுபாடு இயங்குதளத்தால் வருகிறதா, சீக்வென்சர் மென்பொருளால் வருகிறதா, இடையில் இருக்கும் யுஎஸ்பி மிடி இன்டர்ஃபேஸால் வருகிறதா என்பதைப் பிரித்தறிய வழி உண்டா? அட்டாரியைப் பற்றிய புகழுக்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறதா, அல்லது அது பழைய நாட்களின் மீதான பற்று மட்டுந்தானா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஐந்துமுள்

வணக்கம் நண்பரே. தளங்களை ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு அளவுகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தாமதம்: கணினி அனுப்பிய கணத்துக்கும் ஒலி எழும் கணத்துக்கும் இடையிலான நேரம். மற்றது ஜிட்டர்: அந்தத் தாமதம் அடிக்கு அடி மாறும் அளவு. காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் செல்கிறது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் பின்னால் தள்ளி உட்கார்ந்தாலே ஏறக்குறைய 3 மில்லி விநாடி தாமதம் கூடிவிடும். அதனால் எவருடைய தாளமும் கெடுவதில்லை. எல்லா அடிகளும் 5 மில்லி விநாடி தாமதமாக வந்தால், அந்த டிராக்கை 5 மில்லி விநாடி முன்னே நகர்த்திச் சரிசெய்துவிடலாம். ஓரடி 2 மில்லி விநாடியும் அடுத்த அடி 8 மில்லி விநாடியும் தாமதமானால், நகர்த்திச் சரிசெய்ய வழியே இல்லை. நீங்கள் கேட்பது இரண்டாவது வகைக் குறை.

சில மில்லி விநாடி ஜிட்டரைக் காதால் உணர முடியுமா என்று பலர் கேட்பார்கள். தனியாக ஒலிக்கும் ஹை-ஹாட்டில் அது ஒரு நெளிவாகத்தான் தெரியும். ஆனால் ஒரே பாஸ் ட்ரம் அடிக்கு இரண்டு கருவிகளின் ஒத்த ஒலிகளை அடுக்கி வைக்கும்போது, இடைவெளி 1 மில்லி விநாடியாக இருந்தால் இரண்டு ஒலிகளும் ஒன்றையொன்று அழித்து 500 ஹெர்ட்ஸ் பகுதி மெலியும், 2 மில்லி விநாடியானால் 250 ஹெர்ட்ஸ் பகுதி மெலியும். இடைவெளி ஒவ்வோர் அடிக்கும் மாறினால் ஒவ்வோர் அடியின் நிறமும் மாறும். தாளம் சரியாக இருப்பதுபோலத் தோன்றினாலும் அடிகளில் கனம் ஏறி இறங்குகிறது என்று மிக்சிங்கில் குறைப்படுபவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல் இதுதான்.

எந்தக் கணினியாலும் தாண்ட முடியாத எல்லை மிடி கேபிளிலேயே இருக்கிறது. 1983-இல் நடைமுறைக்கு வந்த மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டோடு தொடக்க பிட்டும் முடிவு பிட்டும் சேர்ந்து 10 பிட் ஆவதால், ஒரு பைட் கடந்து செல்ல 320 மைக்ரோ விநாடி ஆகிறது. ஒரு ஸ்வரத்தை ஒலிக்கச் சொல்லும் கட்டளைக்கு 3 பைட் தேவை, அதாவது 0.96 மில்லி விநாடி. ஒரே சேனலில் அடுத்தடுத்து வரும் கட்டளைகளுக்கு முதல் பைட்டைத் திரும்ப அனுப்பாமல் விட்டுவிடும் ரன்னிங் ஸ்டேட்டஸ் முறையைப் பயன்படுத்தினாலும், ஒவ்வொன்றுக்கும் 0.64 மில்லி விநாடி ஆகும். ஆகவே, திரையில் ஒரே கோட்டில் நிற்கும் 10 ஸ்வரங்கள் கேபிளில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். கடைசி ஸ்வரம் முழுமையாகப் போய்ச்சேர 6.7 மில்லி விநாடி ஆகிவிடும். உங்கள் ட்ரம் மெஷினும் இரண்டு சின்தசைசர்களும் ஒரே போர்ட்டில் தொடராக இணைக்கப்பட்டிருந்தால், பாட்டின் முதல் பீட்டில் கார்டும் பாஸும் ட்ரம்மும் சேர்ந்து வரும் இடத்தில் ஹை-ஹாட் பிந்துவதற்கு இதுவே போதுமான காரணம். இயங்குதளத்தைக் குறைசொல்லும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இனி அட்டாரி. அந்தப் புகழுக்குத் தெளிவான தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. 1985-இல் வந்த அட்டாரி எஸ்டியில் மிடி போர்ட்டுகள் பெட்டியிலேயே பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின் பின்னால் 6850 என்ற எளிய தொடர்வரிசைச் சிப் இருந்தது. 8 மெகாஹெர்ட்ஸ் 68000 பிராசசர் அந்தச் சிப்பில் ஒரு பைட்டை எழுதியதும் அது கேபிளில் ஏறிவிடும். இடையில் யுஎஸ்பி கிடையாது, அடுக்கடுக்கான டிரைவர்கள் கிடையாது, வரிசையில் நிறுத்திவைக்கும் பஃபரும் கிடையாது. 68901 சிப்பில் இருந்த டைமர்கள் குறித்த நேரத்தில் பிராசசரை நிறுத்தி, சீக்வென்சரின் வேலையைச் செய்ய வைத்தன. இயங்குதளம் ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டுமே ஓட்டியதால், அந்த நிரல் தன் விருப்பப்படி இயந்திரம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஸ்டைன்பெர்க் நிறுவனம் தன் கியூபேஸ் சீக்வென்சருக்காக எம்ராஸ் என்ற தனி நிகழ்நேர அடுக்கையே எழுதியது. சி-லேப் நிறுவனத்தின் நோட்டேட்டர் சீக்வென்சரும் இந்த இறுக்கத்துக்காகவே பெயர் பெற்றது.

ஆனாலும் அட்டாரியின் சொந்த மிடி அவுட் ஒன்றுதான், அதாவது 16 சேனல்கள். அதில் எல்லாக் கருவிகளையும் தொங்கவிட்டால் மேலே சொன்ன 6.7 மில்லி விநாடிக் கணக்கு அட்டாரிக்கும் அப்படியே பொருந்தும். அதனால்தான் அக்காலத்தில் கார்ட்ரிட்ஜ் போர்ட்டில் செருகும் யூனிட்டர் போன்ற கருவிகளை வாங்கிப் போர்ட்டுகளைப் பெருக்கிக்கொண்டார்கள். அட்டாரியைப் புகழ்பவர்கள் இந்தச் செலவைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

விளம்பரங்களில் வரும் டிக் (சீக்வென்சர் ஒரு பீட்டைப் பிரிக்கும் மிகச் சிறிய அலகு) எண்ணிக்கையை வைத்துத் துல்லியத்தை அளக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பீட்டுக்கு 96 டிக் என்றால் 120 டெம்போவில் ஒரு டிக் 5.2 மில்லி விநாடி. 480 டிக் என்றால் 1.04 மில்லி விநாடி. 960 டிக் என்றால் 0.52 மில்லி விநாடி. இவை கட்டத்தின் நுணுக்கத்தை மட்டுமே காட்டும் எண்கள். ரோஜர் லின் வடிவமைத்து 1988-இல் அகாய் வெளியிட்ட எம்பிசி 60 என்ற ஹார்டுவேர் சீக்வென்சர் ஒரு பீட்டுக்கு 96 டிக் மட்டுமே கொண்டது. ஆயினும் அதன் தாளப் பிடிப்பை இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். கட்டம் அகலமாக இருந்தாலும், கட்டத்தின் கோடுகள் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தன. 960 டிக் கொண்ட மென்பொருள் ஒவ்வொரு டிக்கையும் இரண்டு மூன்று மில்லி விநாடி தள்ளித் தள்ளி அனுப்பினால் அந்த நுணுக்கத்தால் பயனேதும் இல்லை.

கர்னல்பித்தன்

ஐந்துமுள் ஐயா கேபிளின் பக்கத்தை விளக்கிவிட்டார். கணினிக்குள் நடப்பதை நான் சேர்க்கிறேன். நண்பர் மெட்டமைப்பவன் கேட்ட "எந்த இயங்குதளம்" என்ற கேள்வியை, "இந்த ஸ்வரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்ற நேரக்குறிப்பு அதனோடு எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது" என்று மாற்றிக் கேட்டால் எல்லாத் தளங்களின் வேறுபாடும் புரிந்துவிடும். நேரக்குறிப்போடு முன்கூட்டியே ஒப்படைக்கப்பட்ட கட்டளையை, கேபிளுக்கு நெருக்கமாக இருப்பவர் உரிய கணத்தில் வெளியே விடலாம். நேரக்குறிப்பு இல்லாத கட்டளையோ, அனுப்பும் நிரல் எந்தக் கணத்தில் விழித்தெழுந்ததோ அந்தக் கணத்தில்தான் போகும்.

விண்டோஸில் நெடுங்காலமாகப் பெரும்பாலான சீக்வென்சர்கள் பயன்படுத்தி வரும் பழைய மல்டிமீடியா இடைமுகத்தின் எளிய கட்டளையில் நேரக்குறிப்புக்கு இடமே இல்லை. "இப்போதே அனுப்பு" என்பது மட்டுமே அதன் பொருள். எனவே நிரல் தானே சரியான கணத்தில் விழித்தெழ வேண்டும். விண்டோஸின் இயல்பான டைமர் துடிப்பு நொடிக்கு 64 முறை, அதாவது 15.6 மில்லி விநாடிக்கு ஒரு முறை. மென்பொருள் கேட்டுக்கொண்டால் அது 1 மில்லி விநாடியாகச் சுருங்கும். சீக்வென்சர்கள் அனைத்தும் அப்படிக் கேட்டுக்கொள்கின்றன என்றே வைத்துக்கொண்டாலும், வைஃபை அட்டை, கிராஃபிக்ஸ் அட்டை ஆகியவற்றின் டிரைவர்கள் இடையில் புகுந்து பிராசசரைப் பிடித்துக்கொண்டால் விழிப்பு தள்ளிப்போகும். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவி இத்தகைய டிரைவர்களைப் பெயரோடு காட்டிக்கொடுக்கும். வரிசையாக நேரம் குறித்து அனுப்பும் மிடி ஸ்ட்ரீம் வசதியும் விண்டோஸில் உண்டு, பின்னர் டைரக்ட்மியூசிக்கும் வந்தது. ஆயினும் எல்லா மென்பொருள்களும் அவற்றுக்கு மாறிவிடவில்லை. விண்டோஸ் 11-க்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கியுள்ள விண்டோஸ் மிடி சர்வீசஸில் வெளியே போகும் கட்டளைகளையும் நேரம் குறித்து ஒப்படைக்கலாம். சீக்வென்சர் தயாரிப்பாளர்கள் அதை முழுமையாகப் பயன்படுத்தத் தொடங்கினால் இந்தப் பழைய குறை பெருமளவு நீங்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

மேக்கில் நிலைமை அமைப்பிலேயே வேறானது. மேக் ஓஎஸ் எக்ஸோடு வந்த கோர்மிடியில் ஒவ்வொரு மிடி பொட்டலத்தோடும் நேரக்குறிப்பு சேர்ந்தே போகிறது. நிரல் ஒரு கட்டளையைச் சற்று முன்னதாகவே கொடுத்துவிட்டால், கோர்மிடியின் தனிச் சேவையகம் அதை வைத்திருந்து உரிய நேரத்தில் அனுப்பும். டிரைவர் விரும்பினால், அதையும் தாண்டி, கட்டளைகளை முன்கூட்டியே தன்னிடம் பெற்றுக்கொண்டு கருவியின் உள்ளேயே நேரம் பார்த்து வெளியிட வைக்கலாம். மேக் இறுக்கமானது என்ற கருத்துக்கு இந்த அமைப்பே அடிப்படை. ஆனால் நேரக்குறிப்பைப் பூஜ்யமாக வைத்து "இப்போதே" என்று அனுப்பும் மென்பொருளுக்குக் கோர்மிடியால் எந்த நன்மையும் செய்ய முடியாது. மேக்கிலும் தளர்வாக ஒலிக்கும் மென்பொருள்கள் இருப்பதற்கு இதுவே காரணம்.

லினக்ஸில் ஒலியையும் மிடியையும் கையாளும் ஆல்சாவின் சீக்வென்சர் பகுதி கர்னலுக்குள்ளேயே ஒரு வரிசையை வைத்திருக்கிறது. டிக் கணக்கிலோ விநாடிக் கணக்கிலோ நேரம் குறித்துக் கட்டளைகளை அதில் போட்டுவிடலாம். இது மிக நல்ல அமைப்பு, ஆனால் அந்த வரிசையை ஓட்டும் டைமர் எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கர்னலின் துடிப்பு நொடிக்கு 100 என அமைக்கப்பட்டிருந்தால் 10 மில்லி விநாடிக் கட்டம், 250 என்றால் 4 மில்லி விநாடி, 1000 என்றால் 1 மில்லி விநாடி. ரோஸ்கார்டன் என்ற லினக்ஸ் சீக்வென்சர் தொடங்கும்போது டைமர் நுணுக்கம் போதாது என்று எச்சரிப்பது இதனால்தான். உயர்நுணுக்க டைமர்கள் கர்னலில் சேர்ந்த பிறகு, ஆல்சாவை அவற்றோடு இணைத்தால் இந்தக் கட்டச் சிக்கல் மறைந்துவிடுகிறது. நெடுங்காலம் தனி இணைப்பாகவே இருந்துவந்த நிகழ்நேரத் திருத்தங்கள், 2024 நவம்பரில் வெளியான 6.12 கர்னலில் முதன்மை மூலநிரலோடு சேர்க்கப்பட்டன. ஆயினும் நிகழ்நேரக் கர்னல் மட்டுமே துல்லியத்தைத் தந்துவிடாது. ஒலிக்கும் நிரலுக்கு நிகழ்நேர முன்னுரிமை பெறும் அனுமதி வழங்கப்பட்டிருக்க வேண்டும், ஜாக் (லினக்ஸில் இசை மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் சேவை) மிடிக்கும் ஆல்சாவுக்கும் இடையே போடும் பாலமும் நேரக்குறிப்பைத் தூக்கி எறியாததாக இருக்க வேண்டும். பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

பழைய பேச்சு என்றாலும் அமிகாவைப் பற்றி ஒரு வார்த்தை: அதில் மிடி போர்ட் உள்ளமைக்கப்படவில்லை, சீரியல் போர்ட்டில் தனிப்பெட்டி ஒன்றை மாட்ட வேண்டியிருந்தது. பல நிரல்களை ஒரே நேரத்தில் ஓட்டும் திறனில் அது அட்டாரியைவிட முன்னேறியதாக இருந்தும், மிடிக் கலைஞர்கள் அட்டாரியையே நாடியது தற்செயல் அன்று.

ஒலிக்கலவை

மேலே சொன்ன அனைத்தும் கணினிக்கு வெளியே இருக்கும் கருவிகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் நண்பர் கவனிக்க வேண்டும். ஒலியும் கணினிக்குள்ளேயே, பிளகின்னில் (சீக்வென்சருக்குள் ஓடும் மென்பொருள் கருவியில்) உருவாகும்போது அட்டாரியோடு ஒப்பிடுவதே பொருத்தமில்லாதது. விஎஸ்டி பிளகின்னுக்கு ஒவ்வொரு ஸ்வரமும், "இந்த ஆடியோ தொகுதியில் இத்தனையாவது சாம்பிளில் தொடங்கு" என்ற குறிப்போடு கொடுக்கப்படுகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிள் (டிஜிட்டல் ஒலியின் ஓர் அளவுப் புள்ளி) என்பது சுமார் 23 மைக்ரோ விநாடி. குறிப்பை மதிக்கும் பிளகின்னாக இருந்தால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஸ்வரங்கள் ஒரே சாம்பிளில் விழும். இயங்குதளம் தடுமாறினால் ஒலி அறுபடுமே தவிர அடி நகராது. எந்த அட்டாரியாலும் எட்ட முடியாத துல்லியம் இது.

இங்கும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எழுதிவைத்ததை வாசிக்கும்போது கிடைக்கும் இந்தத் துல்லியம், நாம் கீபோர்டில் நேரடியாக வாசிக்கும்போது எல்லா மென்பொருளிலும் கிடைப்பதில்லை. சில மென்பொருள்கள், உள்ளே வந்த ஸ்வரத்தை அடுத்த ஆடியோ தொகுதியின் தொடக்கத்தில் வைத்துவிடும். பஃபர் 512 சாம்பிள் என்றால் ஒரு தொகுதியின் நீளம் 11.6 மில்லி விநாடி. தொகுதிக்குள் நாம் எங்கே அடித்தாலும் ஸ்வரம் தொகுதியின் தொடக்கத்துக்கு இழுக்கப்படுவதால் நம் வாசிப்பின் நெளிவுகள் சிதைகின்றன. பஃபரை 64 சாம்பிளாக்கினால் அந்தச் சிதைவு 1.45 மில்லி விநாடிக்குள் அடங்கும். மிருதங்கச் சொற்கட்டுகளைப் பேடில் வாசித்துப் பதிவுசெய்யும் நண்பர்கள் பஃபரைக் குறைத்தவுடன் "கை இப்போது பேசுகிறது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் தாமதத்தைக் குறிப்பிடுவதாக நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை பெரும்பகுதி இந்த ஜிட்டர் குறைந்ததன் விளைவுதான்.

மெட்டமைப்பவன்

விரிவாக எழுதிய மூவருக்கும் மிக்க நன்றி. என்னிடம் இருப்பது ஒரே போர்ட் கொண்ட மலிவான யுஎஸ்பி மிடி கேபிள். மூன்று கருவிகளும் அதில்தான் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. எனவே ஐந்துமுள் ஐயா சொன்ன நெரிசல் எனக்கு உறுதியாகப் பொருந்துகிறது. ஆனால் ட்ரம் மெஷினை மட்டும் இணைத்து, ஹை-ஹாட்டை மட்டும் ஒலிக்க வைத்தாலும் நெளிவு முழுவதுமாகப் போகவில்லை. வீட்டிலேயே இதை அளப்பதற்கு நம்பகமான முறை எது? இரண்டு இயங்குதளங்களை ஒப்பிடும்போது எதை மாறாமல் வைக்க வேண்டும்? இன்டர்ஃபேஸை மாற்றுவது எவ்வளவு பயன் தரும்?

ஐந்துமுள்

முதலில் அளவீடு. மிடி அவுட்டிலிருந்து மிடி இன்னுக்கே கேபிளை மாட்டி, திரும்பி வருவதைப் பதிவுசெய்து பார்க்கும் முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். அனுப்பும் பாதையின் பிழையும் பெறும் பாதையின் பிழையும் அதில் கலந்துவிடும். விண்டோஸின் பழைய இடைமுகத்தில் உள்ளே வருவதன் நேரம் முழு மில்லி விநாடிகளில்தான் குறிக்கப்படும் என்பதால், அதைவிட நுணுக்கமான எதையும் அந்த முறையால் காட்ட முடியாது. ஆகவே ஒலியையே பதிவுசெய்யுங்கள்.

ட்ரம் மெஷினில் தொடக்கம் கூர்மையான ஓர் ஒலியைத் தேர்ந்தெடுங்கள். ரிம் ஷாட் சிறந்தது. 120 டெம்போவில், பீட்டுக்கு நான்கு அடி வீதம், சில நிமிடங்கள் ஓடவிட்டு 48 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்யுங்கள். 48-ஐச் சொல்வதற்குக் காரணம் உண்டு: 125 மில்லி விநாடி என்பது 48 கிலோஹெர்ட்ஸில் சரியாக 6000 சாம்பிள், 44.1 கிலோஹெர்ட்ஸில் 5512.5 என்று அரைச் சாம்பிள் தொங்கி நிற்கும். பிறகு ஒவ்வோர் அடியின் தொடக்கத்தையும் கண்டு, அடுத்தடுத்த அடிகளுக்கு இடையிலான சாம்பிள் எண்ணிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் கண்ணால் பார்த்தும் செய்யலாம், நிரல் எழுதத் தெரிந்தவர் பைத்தானில் சில வரிகளில் முடித்துவிடலாம். 6000-இலிருந்து 48 சாம்பிள் விலகினால் அது 1 மில்லி விநாடி.

இதே சோதனையை முதலில் ட்ரம் மெஷினின் சொந்த சீக்வென்சரை வைத்துச் செய்துவிடுங்கள். கருவியும் ஒலிப்பதிவும் தாமாகச் சேர்க்கும் நெளிவு அதில் தெரிந்துவிடும். சொந்த சீக்வென்சரில் ஓடும்போது கருவி மிடியைப் படிக்க வேண்டியதில்லை. ஆகவே, வெளியிலிருந்து வரும் கட்டளைக்குப் பழைய கருவிகளின் பிராசசர் சற்று ஒழுங்கற்று விடையளிக்கும் தன்மை அந்தச் சோதனையில் வெளிப்படாது. முடிந்தால் மற்றொரு ஹார்டுவேர் சீக்வென்சரைக் கடன் வாங்கி, அதிலிருந்தும் ஒரு முறை இயக்கிப் பாருங்கள். அதிலும் நெளிவு அதே அளவில் இருந்தால், நீங்கள் இத்தனை நாள் சந்தேகித்துவந்த கணினிக்கும் அந்த நெளிவுக்கும் தொடர்பே இல்லை.

முடிவைப் பார்க்கும்போது சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஆயிரம் அடிகளில் பத்து அடிகள் மட்டும் பெரிதாகத் தவறினாலும் சராசரி நல்லதாகவே தெரியும். காதுக்கு அந்தப் பத்து அடிகள்தான் கேட்கும். மிகப் பெரிய விலகலையும் குறித்துக்கொள்ளுங்கள். கணினி சும்மா இருக்கும்போது ஒரு முறையும், திரையை உருட்டிக்கொண்டும் கனமான பிளகின்களை ஓட்டிக்கொண்டும் ஒரு முறையும் பதியுங்கள். மிடியை அனுப்பும் கணினியும் ஒலியைப் பதியும் கருவியும் வெவ்வேறானவை என்றால், இரண்டின் படிகக் கடிகாரங்களும் மிகச் சரியாக ஒத்துப்போகா. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலும் ஒரு நிமிடத்தில் 3 மில்லி விநாடி விலகும். வரைபடத்தில் நேர்கோடாகச் சரியும் அந்த விலகல் ஜிட்டர் ஆகாது. அதைக் கழித்துவிட்டு எஞ்சிய சிதறலை மட்டும் பார்க்க வேண்டும்.

தள ஒப்பீட்டில் மாறாமல் வைக்க வேண்டியவை: அதே கணினி, அதே இன்டர்ஃபேஸ், அதே மிடி கோப்பு, அதே மென்பொருள். ரீப்பர், பிட்விக் ஆகிய சீக்வென்சர் மென்பொருள்கள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகின்றன. ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் தனித்தனிப் பகுதிகளில் நிறுவி ரீப்பரை இரண்டிலும் ஓட்டினால், இயங்குதளம் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் அப்படியே இருக்கும். ஒருவர் மேக்கில் லாஜிக்கையும் மற்றொருவர் விண்டோஸில் கியூபேஸையும், வெவ்வேறு இன்டர்ஃபேஸ்களோடு வைத்துக்கொண்டு எழுதும் ஒப்பீடுகளிலிருந்து தளத்தைப் பற்றி எதையும் அறிய முடியாது. இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இன்டர்ஃபேஸைப் பற்றி: முழுவேக யுஎஸ்பி 1 மில்லி விநாடிச் சட்டகங்களாக இயங்குகிறது, உயர்வேக யுஎஸ்பியில் அது 125 மைக்ரோ விநாடி. 1999-இல் வகுக்கப்பட்ட பொது யுஎஸ்பி மிடி வகையின் 4 பைட் பொட்டலத்தில் நேரக்குறிப்புக்கு இடம் வைக்கவில்லை. எனவே டிரைவரே வேண்டாத கருவிகள் எல்லாவற்றிலும், கட்டளை எந்தச் சட்டகத்தில் ஏறியதோ அதுவே அதன் நேரம். இதுபோன்ற குறையைத் தாண்டுவதற்காகத்தான் எமேஜிக் தன் யூனிட்டர் 8-இல் ஏஎம்டி, ஸ்டைன்பெர்க் தன் மிடெக்ஸில் எல்டிபி, மோட்டு தன் இன்டர்ஃபேஸ்களில் எம்டிஎஸ் என்ற முறைகளைக் கொண்டுவந்தன. மூன்றும் ஏறக்குறைய ஒரே கருத்து: கட்டளைகளை நேரக்குறிப்போடு முன்கூட்டியே பெட்டிக்கு அனுப்பிவிடுவது, பெட்டி தன் கடிகாரத்தைப் பார்த்து வெளியிடுவது. இவை வேலை செய்ய அந்த நிறுவனத்தின் டிரைவரும், அம்முறையை அறிந்த மென்பொருளும் சேர்ந்திருக்க வேண்டியிருந்தது. பெட்டியை மட்டும் பழைய பொருள் விற்பவரிடம் வாங்கிவந்து, பொதுவான டிரைவரில் ஓட்டினால் அந்தப் பயன் கிடைக்காது.

உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை, பல போர்ட்டுகள் கொண்ட, சொந்த டிரைவர் உள்ள இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கி ட்ரம் மெஷினுக்குத் தனிப் போர்ட் ஒதுக்குவது. அது வரும்வரை, ட்ரம் டிராக்கைத் திரையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். ஒரே டிக்கில் பல கட்டளைகள் வரும்போது மேலே உள்ள டிராக்கை முதலில் அனுப்பும் பழக்கம் பல சீக்வென்சர்களுக்கு உண்டு. கார்டு வாசிக்கும் டிராக்கை ஓரிரு டிக் பின்னுக்குத் தள்ளுங்கள். கீபோர்டு ஓயாமல் அனுப்பும் ஆஃப்டர்டச் (கட்டையை அழுத்திய பின் தரும் அழுத்தத்தைச் சொல்லும்) கட்டளைகளை வடிகட்டிவிடுங்கள். யாரும் கேட்காத அந்தக் கட்டளைகள் கேபிளின் இடத்தைத் தின்கின்றன.

கர்னல்பித்தன்

நண்பர் ட்ரம் மெஷினை ஸ்வரங்களால் இயக்காமல், மிடி கிளாக்கால் அதன் சொந்த சீக்வென்சரை ஓட்டும் வழியையும் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அதற்கும் இதே கவனம் வேண்டும். கிளாக் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு; 120 டெம்போவில் துடிப்புகளின் இடைவெளி 20.83 மில்லி விநாடி. அதில் 1 மில்லி விநாடி பிந்தினால் அந்தக் கணத்து டெம்போ 114.5 ஆகவும், 1 மில்லி விநாடி முந்தினால் 126 ஆகவும் தெரியும். சில கருவிகள் பல துடிப்புகளைச் சராசரி எடுத்து இதை ஆற்றிவிடும், சில கருவிகள் ஒவ்வொரு துடிப்புக்கும் உடனே ஆடும். கிளாக் ஒரே பைட் என்பதாலும், அதை மற்றக் கட்டளைகளின் பைட்டுகளுக்கு நடுவிலும் புகுத்தலாம் என்று மிடி விதி அனுமதிப்பதாலும், கேபிள் நெரிசல் அதை அவ்வளவாகத் தாக்காது. டைமர் ஜிட்டர்தான் தாக்கும். ஆடியோ இன்டர்ஃபேஸின் ஒரு வெளியீட்டிலிருந்து கிளாக் துடிப்பை ஒலி அலையாகவே அனுப்பி, அதைத் தனிப்பெட்டியில் மிடி கிளாக்காக மாற்றும் முறையில் அந்த ஜிட்டரும் நீங்கிவிடுகிறது. அங்கே நேரத்தை நிர்ணயிப்பது இயங்குதளத்தின் டைமர் அன்று, ஆடியோவின் சாம்பிள் கடிகாரம்.

புளூடூத் மிடியை இந்தப் பயன்பாட்டுக்கு வாங்க வேண்டாம். அதன் பொட்டலத்தில் மில்லி விநாடி நேரக்குறிப்பு இருக்கிறது, ஆனால் பெரும்பாலான கருவிகளில் இணைப்பு இடைவெளியே குறைந்தது 7.5 மில்லி விநாடி. 2020-இல் வெளியான மிடி 2.0-இல் 32 மைக்ரோ விநாடி அலகில் ஜிட்டர் குறைக்கும் நேரக்குறிப்புகள் வகுக்கப்பட்டுள்ளன. உங்கள் பழைய ட்ரம் மெஷினுக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை.

மெட்டமைப்பவன்

மிக்க நன்றி ஐயா, நன்றி நண்பர்களே. முதலில் ரிம் ஷாட் சோதனையை ட்ரம் மெஷினின் சொந்த சீக்வென்சரில் செய்துவிட்டு, பிறகு இதே கணினியில் விண்டோஸிலும் லினக்ஸிலும் ரீப்பரை வைத்துச் செய்கிறேன். ஐயா, ஒரு சிறு ஐயம்: லினக்ஸில் ஆல்சாவின் டைமர் அமைப்பை மாற்றாமல் ஒரு முறையும், மாற்றிவிட்டு ஒரு முறையும் பதிய வேண்டுமா?

கர்னல்பித்தன்

ஆம், இரண்டையும் பதியுங்கள். ஆல்சாவுக்கென்றே மிடித் தாமதத்தைச் சோதிக்கும் சிறு கட்டளைவரிக் கருவி ஒன்று கிடைக்கிறது. அதையும் ஓட்டிவிட்டால் ரீப்பர் சேர்ப்பது எது, கர்னல் சேர்ப்பது எது என்பது தனித்தனியே தெரியும். எண்களை இங்கே இடும்போது கர்னல் பதிப்பையும் பஃபர் அளவையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.